சொடக்கின் சத்தம் எங்கே பிறக்கிறது?

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பரீட்சை முடிந்ததில் மகிழ்ச்சி. சொடக்குப் போட்டால் ஏன் சத்தம் வருகிறது என்று அவள் கேட்க, கட்டைவிரலும் நடுவிரலும் உரசுவதால்தான் என்று சொல்லி வைத்திருக்கிறாய். முக்கால்வாசிப் பேர் சொல்வதும் அதுதான். ஆனால் உரசலில் எழுவது லேசான சரசரப்பு மட்டுமே. காதில் விழும் ‘டக்’, நடுவிரல் வழுக்கிப்போய் உள்ளங்கையில் அறையும்போது வருவது.

சந்தேகமிருந்தால் கைக்குட்டையை மடித்து, கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேட்டில் வைத்துச் சொடக்குப் போடச் சொல். விரல் நுனிகளில் துணி படக் கூடாது. உரசல் அப்படியே இருக்கும், சத்தம் அமுங்கிவிடும்.

அறை விழும் இடமும் முக்கியம். மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையை ஒட்டி மடங்கியிருக்கும்போது, மோதிரவிரலுக்கும் அந்தச் சதைமேட்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழும். நடுவிரல் அதில் போய் விழும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று நசுங்கி வெளியேறுகிறது. அந்த இரண்டு விரல்களையும் நீட்டிக்கொண்டு போட்டுப் பார், வெறும் ‘தப்’தான் கேட்கும்.

அப்படியானால் உரசல் எதற்கு? விசையைப் பிடித்து வைக்க. நடுவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் தசைநாரில் இழுவிசை ஏறிக்கொண்டே போகும், கட்டைவிரல் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். பிடி விட்டதும் சேர்ந்த விசை மொத்தமும் சட்டென்று அவிழும். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்து 2021-இல் வெளியிட்டார்கள். வழுக்கல் முடிய சுமார் 7 மில்லிவினாடிதான். கண் இமைக்கவே ஏறத்தாழ 150 மில்லிவினாடி ஆகும். விரல் சுழலும் வேகம் வினாடிக்கு 7,800 டிகிரி வரை போனது. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் விரலுக்கு உறை மாட்டிப் பார்த்த பகுதி. உலோக உறையில் பிடிமானம் போதாமல் விசை சேரும் முன்பே விரல் நழுவியது. ரப்பர் உறையில் பிடிமானம் மிஞ்சியதால், வழுக்கும்போதே வேகம் வீணானது. வெறும் தோல் இரண்டுக்கும் நடுவே சரியாக நிற்கிறது. அழுத்தினால் விரல் நுனிச் சதை நசுங்கிப் பரவுகிறதே, அதுவும் பிடிமானத்தைக் கூட்டுகிறது.

அவளுக்குச் சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். கை வியர்த்திருந்தால் முதலில் துடைக்கட்டும். ரொம்ப வறண்டிருந்தால் விரல் நுனியில் வாயால் ஒருமுறை ஊதினால் போதும், அந்த ஈரமே பிடிமானம் தரும். பிறகு மோதிரவிரல் நுனி சதைமேட்டைத் தொடும்படி இறுக்கமாக மடக்கச் சொல். நடுவிரலின் நுனிச் சதை கட்டைவிரலின் நுனிச் சதையோடு பொருந்தட்டும். நகத்தருகே பிடித்தால் சீக்கிரம் நழுவிவிடும். அழுத்தம் நன்றாக ஏறியபின் கட்டைவிரலை ஆள்காட்டி விரல் பக்கம் தள்ள வேண்டும். ‘டக்’ வராமல் ‘தப்’ என்று வந்தால் நடுவிரல் பள்ளத்தில் விழாமல் மோதிரவிரலின் மேலேயே விழுகிறது என்று அர்த்தம். மோதிரவிரலைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சரியாகும்.

இடக்கையிலும் பழகட்டும். எந்த இடத்தில் தடுக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ரவி