சீசன் டிக்கெட் கட்டண உயர்வு தொடர்பான புகார்

அனுப்புநர்:
சீசன் டிக்கெட் வாடிக்கையாளர் (இரண்டு டிக்கெட்டுகள்),
கிழக்குப் பக்கம், நின்று பார்க்கும் பகுதி.

பெறுநர்:
மேலாளர்,
டிக்கெட் விற்பனைப் பிரிவு,
ரக்பி கிளப் நிறுவனம்.

நாள்: 12-12-2025

பொருள்: 2025-26 பருவத்துக்குக் கூடுதலாக வசூலித்த தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இங்கிலாந்து ரக்பியின் இரண்டாம் அடுக்குக்குச் சாம்பியன்ஷிப் என்று பெயர் வந்த 2009-10 பருவம் முதல் தங்கள் கிளப்பின் உள்ளூர் ஆட்டங்களைக் கிழக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வருகிறேன். என் மகளுக்கு எட்டு வயதானதிலிருந்து அவளுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்கி வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் மழை, தோல்வி, பாதி ஆட்டத்திலேயே தின்பண்டம் தீர்ந்துபோகும் உணவுக்கடை என எதைப் பற்றியும் தங்களுக்கு ஒரு வரி புகார் எழுதியதில்லை. இப்போது எழுத நேர்ந்தது, கடந்த ஜூன் மாதம் தாங்கள் அனுப்பிய புதுப்பித்தல் கடிதத்தில் இருந்த கணக்கு உண்மைக்குப் பொருந்தாதது என்று தெரிய வந்ததால்தான்.

இரண்டாம் அடுக்கு இந்தப் பருவம் முதல் சாம்ப் ரக்பி என்ற புதுப் பெயரில் 12 கிளப்புகளுக்குப் பதிலாக 14 கிளப்புகளுடன் நடக்கிறது, எனவே உள்ளூர் லீக் ஆட்டங்கள் 11-இலிருந்து 13 ஆகின்றன, அதற்கேற்ப டிக்கெட் விலை 220 பவுண்டிலிருந்து 260 பவுண்டு ஆகிறது, ஓர் ஆட்டத்துக்கு 20 பவுண்டு என்ற விலையில் மாற்றம் ஏதும் இல்லை என்று அக்கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். 220-ஐ 11-ஆல் வகுத்தாலும் 260-ஐ 13-ஆல் வகுத்தாலும் 20 வருவதைப் பார்த்து, நியாயமான உயர்வுதான் என்று நம்பி, ஜூலை மாதமே இரண்டு டிக்கெட்டுக்கும் 520 பவுண்டு செலுத்தினேன்.

கடந்த மாதம் என் மகள் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது சென்ற பருவத்து டிக்கெட் அட்டை கைக்கு வந்தது. அதன் பின்பக்கத்தில், ரப்பர் முத்திரை பாதி மறைத்த இடத்தில், உள்ளூரில் நடக்கும் எல்லா லீக் ஆட்டங்களும் பிரீமியர்ஷிப் ரக்பி கோப்பையின் உள்ளூர் ஆட்டங்களும் இந்த டிக்கெட்டில் அடங்கும் என்று அச்சிட்டிருந்தது. முதல் அடுக்கான பிரீமியர்ஷிப்பின் கிளப்புகளும் நம்மைப் போன்ற இரண்டாம் அடுக்குக் கிளப்புகளும் சேர்ந்து ஆடிய அந்தக் கோப்பையின் ஆட்டங்கள் சென்ற பருவத்தில் நம் மைதானத்தில் இரண்டு நடந்தன. ஆக, அந்த 220 பவுண்டுக்கு நாங்கள் பார்த்தது 11 ஆட்டங்கள் அல்ல, 13 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு 16 பவுண்டு 92 பென்ஸ். இந்தப் பருவம் முதல் அந்தக் கோப்பை பிரீமியர்ஷிப்பின் பத்துக் கிளப்புகளுக்கு மட்டும் என்றாகி, இரண்டாம் அடுக்குக் கிளப்புகளுக்கு அதில் இடமில்லாமல் போனது. இப்போதும் நாங்கள் பார்க்கப்போவது அதே 13 ஆட்டங்கள்தான். விலை மட்டும் நூற்றுக்குப் பதினெட்டு ஏறியிருக்கிறது. தங்கள் ஜூன் கடிதத்தில் கோப்பை என்ற சொல்லே இல்லை.

எண்ணிக்கைதானே சமமாயிற்று என்று தாங்கள் சொல்லலாம் என்பதால், எங்களிடமிருந்து போனது எது என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்ற பருவத்தில் பிரீமியர்ஷிப் கிளப் ஒன்று வந்த மாலையில் கிழக்குப் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்காமல் நிற்க முடியவில்லை. அவர்கள் அனுப்பியது பெரும்பாலும் இளைய வீரர்களை என்றாலும், எங்களுக்கு முன்னால் ஐந்து கஜத் தொலைவில் நடந்த ஒரு ஸ்க்ரம்மில் (இரு அணி வீரர்களும் தோள் கோத்து ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் கட்டம்), பகலில் வேறு வேலை பார்க்கும் நம் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர், முழுநேர ஆட்டக்காரரைப் பின்னுக்குத் தள்ளி நமக்குச் சாதகமாக நடுவரின் விசிலைப் பெற்றுத் தந்தார். எழுந்தபோது அவர் காதிலிருந்து ரத்தம் வழிந்து கொண்டிருந்தது, முகத்திலோ சிரிப்பு. ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் அந்தப் பருவத்தில் என் மகள் திரும்பத் திரும்பப் பேசியது அந்த ஒரு ஸ்க்ரம்மைப் பற்றித்தான். பெரிய கிளப் நம் ஊருக்கு வருவதற்கு இருந்த ஒரே வழி அது. அதற்கு ஈடாகச் சேர்ந்த இரண்டு லீக் ஆட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஈடு என்பது ஈடுதான், கூடுதல் ஆகாது.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. 2022-23 பருவத்தில் சாம்பியன் பட்டம் வென்ற ஜெர்சி ரெட்ஸ், அடுத்த பருவம் தொடங்கிய வேளையில், 2023 செப்டம்பரில், பணமில்லாமல் மூடப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். பட்டம் வென்ற கிளப்பே சில மாதங்களிலேயே கதவைச் சாத்திய அந்த ஆண்டு, இரண்டாம் அடுக்கில் 11 கிளப்புகளே எஞ்சின. எங்களுக்கு உள்ளூர் லீக் ஆட்டங்கள் பத்துதான் கிடைத்தன. குறைந்த ஓர் ஆட்டத்துக்கு ஏதேனும் கழிவு உண்டா என்று அப்போது டிக்கெட் சன்னலில் கேட்டவர்களில் நானும் ஒருவன். சீசன் டிக்கெட் என்பது பருவம் முழுவதற்கும் உரியது, ஆட்டத்தை எண்ணி விற்கப்படுவதல்ல என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த மின்னஞ்சல் என்னிடம் இருக்கிறது. ஜெர்சியின் நிலையை எண்ணி, சிறிய கிளப்புகள் எல்லாம் தத்தளிக்கும் நேரத்தில் இருபது பவுண்டுக்குச் சண்டை பிடிப்பதா என்று நானும் விட்டுவிட்டேன். ஆட்டம் குறைந்தபோது எண்ணிப் பார்க்கக்கூடாது, ஆட்டம் கூடியபோது மட்டும் எண்ணி விலை போட வேண்டும் என்ற முறை எந்தக் கடையில் நடக்கும்?

இரண்டாம் அடுக்கைத் திருத்தி அமைத்ததையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அதற்கான தேவையை எங்களைப்போல் அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து ரக்பி சங்கம், ஆண்டுக்குக் கிளப் ஒன்றுக்கு ஏறத்தாழ 5,34,000 பவுண்டாக இருந்த உதவித்தொகையை 2,88,000 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே கொரோனா வந்து மைதானங்கள் மூடப்பட்டன. மேலே இருந்த பெரிய வீடுகளும் தப்பவில்லை: 2022 இலையுதிர் காலத்தில் வூஸ்டர் வாரியர்ஸும் வாஸ்ப்ஸும், 2023 ஜூனில் லண்டன் ஐரிஷும் விழுந்ததில் பிரீமியர்ஷிப் 13 கிளப்புகளிலிருந்து பத்தாகச் சுருங்கியது. பிரீமியர்ஷிப் 2 என்று பெயர் வைக்கலாம், உரிமம் கொடுத்துக் கிளப்புகளைச் சேர்க்கலாம் என்றெல்லாம் இரண்டு ஆண்டு பேசிவிட்டு, கடைசியில் வூஸ்டரைத் திரும்பச் சேர்த்து, மூன்றாம் அடுக்கில் முதலிடம் பிடித்த ரிச்மண்டையும் ஏற்றி, 14 கிளப்புகள், கிளப் ஒன்றுக்கு 26 ஆட்டங்கள், முதல் ஆறு இடங்களுக்குப் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்கள் என்ற வடிவத்துக்கு வந்தார்கள். பழைய அட்டவணையைவிட இது மேல் என்பது என் கருத்து. கிளப்புக்குப் பணம் தேவை, விலையை ஏற்றுகிறோம் என்று நேராகக் கேட்டிருந்தால், எங்கள் பகுதியில் நிற்பவர்களில் பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருப்போம். செலவு கூடியதைச் சொல்லாமல், சீர்திருத்தத்தின் பெயரால் இல்லாத லாபத்தைக் காட்டி வாங்கியதுதான் என் புகார்.

அக்கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, இந்தப் பருவத்தின் ஒவ்வோர் ஆட்டமும் பிரீமியர்ஷிப்பை நோக்கிய ஒரு படி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தப் படிக்கட்டு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 2010-இல் எக்ஸிடர் சீஃப்ஸ் இறுதிப் போட்டியில் பிரிஸ்டலை வென்று இங்கிருந்துதான் மேலே ஏறியது. ஏழே ஆண்டில், 2017-இல், இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. 2020-இல் ஐரோப்பியக் கோப்பையையும் சேர்த்து வென்றது. அதற்கு முன்பே 2002-இல் ராதர்ஹாம் கிளப் மைதானத் தகுதி இல்லையென்று மேலே ஏறவிடாமல் நிறுத்தப்பட்டதும் உண்டுதான். 2022-இல் பட்டம் வென்ற ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ், 10,001 பேர் கொள்ளும் மைதானம் இல்லை என்பதால் கீழேயே நிற்க நேர்ந்தது. 2024-இல் மறுபடியும் முதலிடம் பிடித்தபோதும் தகுதி விதிகளைக் காட்டிப் பிரீமியர்ஷிப்பின் கடைசிக் கிளப்புடனான பிளே-ஆஃபே நடக்கவில்லை. கடைசியாக மேலே சென்றது 2021-இல் சாரசென்ஸ். அதுவும் சம்பள உச்சவரம்பை மீறியதற்காக ஓராண்டு கீழே தள்ளப்பட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிய கிளப். இப்போது பிரீமியர்ஷிப்பை, மேலேறுவதும் கீழிறங்குவதும் இல்லாத மூடிய லீக்காக்கும் பேச்சும் அடிபடுகிறது. இதில் தங்கள் பிழை ஏதும் இல்லை. ஆனால் நம் கிளப் பிரீமியர்ஷிப் தகுதிக்கான விண்ணப்பத்தைக் கொடுத்ததா இல்லையா என்று அக்டோபரில் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். இரண்டு முறையும் கிளப் கடையில் பத்து விழுக்காடு தள்ளுபடி என்ற விளம்பரம்தான் பதிலாக வந்தது. விண்ணப்பமே கொடுக்காத கிளப் என்றால், படி என்ற சொல்லை விற்பனைக் கடிதத்தில் பயன்படுத்த எந்த உரிமையும் இல்லை.

வூஸ்டர் வந்த நாளில் நடந்ததையும் இத்துடன் சேர்க்கிறேன். மூன்றாண்டு கழித்துத் திரும்பி வந்த கிளப்பைத் தொடர்ந்து பேருந்து பேருந்தாக அவர்களின் ஆதரவாளர்கள் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கிழக்குப் பக்கத்தின் பாதியை அவர்களுக்குக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு, டிக்கெட் வைத்திருக்கும் எங்களை முன்னறிவிப்பு இல்லாமல் வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நகர்த்தினார்கள். அங்கே நேரலைக்காகப் புதிதாக நிறுத்திய கேமரா கோபுரத்தின் இரும்புக் குழாய்கள் இடது மூலையை முழுவதுமாக மறைத்தன. அன்று அந்த மூலையில் விழுந்த இரண்டு டிரைகளையும் (கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி பெறுவது) நாங்கள் பார்க்கவில்லை; கூச்சல் கேட்டு, ஸ்கோர் பலகையில் எண் மாறிய பிறகுதான் யார் போட்டது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அங்கிருந்த தன்னார்வலப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. தனக்கும் அன்று காலையில்தான் சொன்னார்கள் என்றான்.

ஆகவே, இரண்டு டிக்கெட்டுக்கும் கூடுதலாக வசூலித்த 80 பவுண்டையும், பார்க்க முடியாத அந்த ஓர் ஆட்டத்துக்குத் தங்கள் கணக்குப்படியே இருவருக்கும் 40 பவுண்டையும், மொத்தம் 120 பவுண்டு, நான் பணம் செலுத்திய அட்டைக்கே திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். கிளப் கடையில் மட்டும் செல்லும் கூப்பனாகத் தர வேண்டாம். எஞ்சியுள்ள உள்ளூர் ஆட்டங்களில் கிழக்குப் பக்க இடம் எங்களுக்கு உண்டு என்பதையும், தகுதி விண்ணப்பம் பற்றிய என் கேள்விக்கான விடையையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி ஒருவர் வாங்கினால், அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதியாகிறது என்று 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்வதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சென்ற பருவத்து டிக்கெட் அட்டையின் இரு பக்க நகல், தங்கள் ஜூன் கடிதம், 2023-இல் வந்த மின்னஞ்சல், கோபுரத்துக்குப் பின்னாலிருந்து என் மகள் எடுத்த படம் ஆகியவற்றை இத்துடன் வைத்துள்ளேன்.

ஜனவரி 9ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்ற நடைமுறையில் மனு கொடுப்பேன். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு வழக்கம்போல் வருகிறோம். நேரில் பேச விரும்பினால், கிழக்குப் பக்கத்தில் பச்சைத் தகரக் கூரையின் மூன்றாவது தூணருகே இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சீசன் டிக்கெட் வாடிக்கையாளர்