நின்ற வண்டிக்கு ஓட்டுநர் மேல் புகாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குத்தாலத்திலோ ஆடுதுறையிலோ ரயில் வண்டி பத்து நிமிடம் நின்றால் போதும், 'டிரைவர் தூங்குகிறாரா?' என்று எஞ்சினைப் படம் பிடித்து எக்ஸ் தளத்தில் போட்டுவிடுகிறார்கள். சிலர் ஓட்டுநரின் முகத்தையே போடுகிறார்கள். பணி நடத்தை விதிகள் இருப்பதால் அவர் பொதுவில் பதில் எழுதவும் முடியாது. இது நியாயமே இல்லை.

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை ஒற்றைப் பாதை. எதிர் வண்டி வந்து ஒதுங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் (பாதை காலி என்ற அனுமதி) வாங்கி, ஸ்டார்ட்டர் (புறப்பாட்டு) சிக்னல் போட்டு, பின்னால் கார்டும் பச்சை காட்டிய பிறகுதான் லோகோ பைலட் (ஓட்டுநர்) வண்டியை எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால்தான் குற்றம்.

வேகமும் அவர் இஷ்டம் அல்ல. புதிதாக ஜல்லி போட்ட இடம், பால வேலை நடக்கும் இடம் என்று எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு வேகம் என்பதை எழுதிய காஷன் ஆர்டர் அவர் கையில் இருக்கும். மணிக்கு 20 கி.மீ. என்றால் 20தான். எஞ்சின் அந்த இடத்தைத் தாண்டினாலும் கடைசிப் பெட்டி தாண்டும்வரை வேகம் கூட்டக்கூடாது. மீறினால் எஞ்சினில் உள்ள வேகப்பதிவுக் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-இல் ஓடிய டெமு (டீசலில் ஓடும் பயணிகள்) வண்டியில், கேட் கீப்பர்கள் இல்லாததால் வண்டியிலேயே வந்த ஊழியர்கள் இறங்கி கேட்டை மூடித் திறக்க வேண்டியிருந்தது. அதனால் ஆன தாமதத்துக்கு எந்த ஓட்டுநர் என்ன செய்திருக்க முடியும்? நள்ளிரவு ஹாரனும் அப்படித்தான். லெவல் கிராசிங்குக்கு முன்னால் விசில் பலகை இருந்தால், ஊர் தூங்கினாலும் அடித்தே ஆக வேண்டும்.

ஓட்டுநர் மேல் புகாரே கூடாது என்று சொல்லவில்லை. நிற்க வேண்டிய ஸ்டேஷனில் நிற்காமல் போவது, பிளாட்பாரத்தைத் தாண்டி நிறுத்துவது, வண்டி எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் தூக்கிப்போடுவது எல்லாம் கட்டாயம் சொல்ல வேண்டியவை. ஆனால் எல்.எச்.பி. என்னும் புதுவகைப் பெட்டிகளில், பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் கோளாறாலும் குலுக்கல் வரும். ஆகவே பெட்டி எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம், அல்லது ரயில் மதத் செயலியில் பதியலாம். வண்டி எண், தேதி, நேரம், எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் என்பது வேண்டும். முன்பதிவு என்றால் பி.என்.ஆர்., இல்லையென்றால் டிக்கெட்டில் உள்ள எண். வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியே மின்கம்பத்தைப் பாருங்கள். மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் எண் எழுதியிருக்கும். அதைக் குறித்துக் கொடுத்தால், வேகப்பதிவோடு ஒப்பிட்டு அந்த இடத்தில் நடந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். 'நேத்து ராத்திரி வண்டி' என்று எழுதினால் யாரும் எதையும் தேட முடியாது. புகாருக்குத் தரும் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பி.என்.ஆரையும் செல்பேசி எண்ணையும் பொதுப் பதிவில் போடவே வேண்டாம். மோசடிக்காரர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள்.

ரயில்வேக்கும் ஒரு வேண்டுகோள். எதிர் வண்டிக்கு வழிவிட வண்டி நிற்கும்போது, 'எதிர் வண்டி வருகிறது, இத்தனை நிமிடம் ஆகும்' என்று ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லுங்கள். ஆடுதுறை, பாபநாசம் போன்ற ஸ்டேஷன்களில் இதை உடனே தொடங்கலாம்.

– ஓய்வுபெற்ற லோகோ பைலட், தஞ்சாவூர்