அது கோ அரவுண்ட், உயிர் தப்பினது இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல பினாங்குக்கு வந்த ஒரு விமானம் ரன்வே கிட்ட வந்துட்டு திரும்ப மேல ஏறிப் போனத பத்தி செய்தி போட்டிருந்தீங்க, தலைப்புல மயிரிழையில் உயிர் தப்பினர்னு இருந்துச்சு. அந்த விமானத்துல நானும் இருந்தேன் ஐயா. உயிர் தப்புற மாதிரி அங்க ஒன்னும் நடக்கல, அது கோ அரவுண்ட், அதாவது எறங்காம திரும்ப மேல ஏறி சுத்தி வந்து எறங்கறது, அத சொல்லத்தான் எழுதறேன்.

மத்தியானம் மூணு மணி இருக்கும், மழை இருட்டு. ஏர்போர்ட் இருக்கற பாயான் லெப்பாஸ் பக்கம் வந்தாச்சு, சக்கரம் எறங்கிடுச்சு, கீழ கடல்ல மீன் படகுகூட தெரியுது, திடீர்னு இன்ஜின் சத்தம் ஏறி விமானம் மூக்க தூக்கிக்கிட்டு மேல போகுது. பக்கத்து சீட்டு அக்கா முருகா முருகான்னு கத்த ஆரம்பிச்சிட்டாங்க, பின்னால ஒரு பிள்ளை ஓன்னு அழுவுது. கொஞ்ச நேரத்துல பைலட் மைக்ல வந்தாரு, முன்னால எறங்கின விமானம் இன்னும் ரன்வேய விட்டு வெளிய போகல, ஏர்போர்ட் டவர்ல இருக்கறவங்க கோ அரவுண்ட் போகச் சொல்லிட்டாங்க, சுத்தி வந்து எறங்கறோம்னாரு. கால் மணி நேரத்துல எறங்கிட்டோம், அவ்ளோதான்.

பினாங்குல இருக்கறது ஒரே ரன்வே, ஏறறதும் எறங்கறதும் அதுலதான். என் தங்கச்சி மகன் விமானங்களுக்கு ரேடியோவுல வழி சொல்ற கன்ட்ரோலர் வேலைக்கு படிக்கறான், அவன் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். எறங்க வர்ற ரெண்டு விமானத்துக்கு நடுவுல ரேடார்ல வழக்கமா 3 நாட்டிக்கல் மைல் விடணுமாம், நம்ம கணக்குல அஞ்சரை கிலோமீட்டர். கேக்க தூரமாத்தான் தெரியும், ஆனா மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்துல வர்றப்ப அது ஒரு நிமிஷம் சொச்சம்தான். முன்னால போறது பெரிய விமானம்னா அதுவும் பத்தாது, றெக்க நுனியிலேருந்து காத்து சுருட்டிக்கிட்டு பின்னாலயே கீழ எறங்கும், படகு போனா பின்னால அலை அடிக்குதே அந்த மாதிரி, ஆனா கண்ணுக்கு தெரியாது. அதனால 777 மாதிரி பெரிய விமானத்துக்கு பின்னால 737 மாதிரி சின்னது வந்தா 5 நாட்டிக்கல் மைல், அதவிட பெரிய ஏ380க்கு பின்னாலன்னா 7. ஒருத்தர வேகத்த குறைக்க சொல்லி, இன்னொருத்தர கொஞ்சம் சுத்த விட்டு கன்ட்ரோலர் வரிசை கட்டுவாங்க, மழை மேகம் வந்து பைலட்டுங்க ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குனா கட்டின வரிசை கலைஞ்சிடும், மறுபடி மொதல்லேருந்து கட்டணும்.

இவ்வளவும் நடக்கறது ரேடியோவுல, வாய் வார்த்தையில. 1989 பிப்ரவரியில சிங்கப்பூர்லேருந்து கோலாலம்பூர் பக்கத்து சுபாங் ஏர்போர்ட்டுக்கு வந்த சரக்கு ஜம்போ விமானம் பூச்சோங் பக்கம் மலையில மோதி 4 பேர் செத்தாங்க. 2400 அடிக்கு எறங்கறதுக்கு கன்ட்ரோலர் டூ ஃபோர் ஸீரோ ஸீரோன்னு சொன்னாரு, விமானத்துல இருந்தவங்க அந்த டூவ ரெண்டுங்கற எண்ணா எடுத்துக்காம இங்கிலீஷ்ல "க்கு"ங்கற to-வா எடுத்துக்கிட்டு 400 அடிக்கு எறங்கச் சொல்றாங்கன்னு நெனச்சிட்டாங்க. ஒரே ஒரு எழுத்து ஐயா.

2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோ ஹனேடாவுல ரன்வே ஓரமா காத்திருக்க வேண்டிய கடலோரக் காவல் விமானம் அனுமதி இல்லாமலே உள்ள போய் சுமார் 40 விநாடி நின்னுச்சு, டவரும் கவனிக்கல, இருட்டுல எறங்க வந்த பெரிய பயணிகள் விமானத்து பைலட்டுங்களுக்கும் தெரியல, ரெண்டும் மோதிடுச்சு. பெரிய விமானத்துல இருந்த 379 பேரும் வெளிய வந்துட்டாங்க, சின்னதுல இருந்த 6 பேர்ல 5 பேர் போயிட்டாங்க. அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் பார்த்து கோ அரவுண்ட்னு சொல்லியிருந்தா அந்த 5 பேரும் இருந்திருப்பாங்க. அன்னிக்கு எங்க விமானத்துக்கு டவர்ல ஒருத்தர் பார்த்து சொன்னாரு. அவர் வேலைய ஒழுங்கா செஞ்சத நீங்க விபத்து மாதிரி போட்டுட்டீங்க, எனக்கு மனசு கேக்கல.

எங்கம்மாவுக்கு 74 வயசு, தெனமும் உங்க பேப்பர ஒரு வரி விடாம படிப்பாங்க. அடுத்த மாசம் கண்ணு செக்கப்புக்கு கோலாலம்பூர் கூட்டிட்டு போகணும், அந்த செய்திய படிச்சதுலேருந்து பிளேன் வேணாம், அஞ்சு மணி நேரமானாலும் பஸ்லயே போலாம்னு பிடிவாதமா நிக்கறாங்க. பயணிங்க பயந்தத எழுதுங்க, அது உண்மைதான். கூடவே ஏன் மேல ஏறுச்சுன்னு ஏர்போர்ட்ல கேட்டு ரெண்டு வரி போடுங்க ஐயா, தலைப்புல கோ அரவுண்ட்னே போடுங்க, எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு அந்த வார்த்தை பழகட்டும்.

இப்படிக்கு,
சுங்கை ஆரா வாசகி, பினாங்கு