ஆங்கிலம் பேசக் கற்றுத்தர, தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு (ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர்) நீங்கள் நடத்திய ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி முகாமையும், அதன் முடிவில் வைத்த போட்டியையும் பற்றி எழுதுகிறேன். அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதனால் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த முறை தமிழ் தெரிந்த ஒரு பயிற்றுநரை அனுப்புங்கள்.

முகாம் முழுவதும் மலையாளத்தில் நடந்தது. வந்த பயிற்றுநர் ஆங்கிலத்திலேயே பேசியிருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். எப்படி நிற்பது, எங்கே நிறுத்துவது, யாரைப் பார்த்துப் பேசுவது எல்லாம் மலையாளம். நடுநடுவே “மனசிலாயோ?” (புரிந்ததா?) என்பார், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாது என்றும் நான் சொல்லவில்லை. பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் மேடைப் பேச்சுக்கு முதல் வேலை, பிள்ளை என்ன சொல்ல நினைக்கிறது என்று கேட்டு வாங்குவது. அதை அந்தப் பிள்ளையின் மொழியில்தானே கேட்க முடியும்?

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வீட்டில் மாடு இருக்கிறது, காலையில் அம்மாவோடு பால் சங்கத்துக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், அதில் அவளும் ஒருத்தி. “பாலப் பத்திப் பேசோணும் டீச்சர்” என்று முகாமுக்கு முன்பே சொல்லியிருந்தாள். ஒரே அளவு பால் ஊற்றினாலும் இரண்டு வீட்டுக்கு ஏன் வேறு வேறு விலை, மழைக்காலத்தில் பச்சைப் புல் தின்ற மாட்டுப் பாலில் ஃபேட் (கொழுப்பு) ஏன் குறைகிறது, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைந்தால் ஏன் தண்ணீர் கலந்ததாகச் சந்தேகப்படுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இதில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே ஆங்கிலம் என்பதைக் கவனியுங்கள். சாம்பிள், டெஸ்ட், ரேட், லிட்டர், கேன். அவளுக்குத் தேவை வினைச்சொற்களும், ‘அதனால்’, ‘ஆனால்’ என்று வாக்கியங்களை இணைக்கும் நாலைந்து சொற்களும்தான். இரண்டு நாளில் சொல்லித்தந்துவிடலாம்.

அவள் அதைத் தமிழில் அந்தப் பயிற்றுநரிடம் சொன்னாள். அவருக்குப் பாதிதான் விளங்கியது. சிரித்துவிட்டு, தொழில்நுட்பமும் இளைஞர்களும் என்ற தலைப்பில் அச்சடித்த இரண்டு பக்க உரையைக் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பேசி வாங்க முடியாதவர் அச்சடித்ததைத்தான் கொடுப்பார், வேறென்ன செய்வார்?

போட்டி அன்று மூன்றாம் பத்தியில் ஒரு வரி அவளுக்கு நழுவிவிட்டது. சொந்தமாகச் சொல்லும் பேச்சு என்றால் ஒரு சொல் மறந்தால் இன்னொரு சொல்லைப் போட்டுக் கடந்துவிடலாம். பொருள் புரியாமல் உருப்போட்ட பேச்சில் அந்த வழி கிடையாது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றாள். கூடம் கைதட்டியது. ஊக்கப்படுத்தத் தட்டினார்களா, போதும் இறங்கு என்று தட்டினார்களா என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. மணி அடித்தது. ‘தேங்க் யூ’ மட்டும் திருத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். நடுவர் குறிப்பில் ‘உச்சரிப்பு போதாது’ என்று இருந்தது.

உச்சரிப்பு என்றீர்களே, அதையும் பேசிவிடலாம். ஆங்கிலத்தின் p, b இரண்டுக்கும் தமிழில் ‘ப’ ஒன்றுதான். மலையாளத்தில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ‘க’, ‘ட’, ‘த’ எல்லாவற்றுக்கும் இதே கதை. அதனால் தமிழ்வழிப் பிள்ளை ‘பிக்’ என்றால் அது பெரியதா பன்றியா என்று கேட்பவர் குழம்புவார். ஃபேன் என்பது பேன் ஆகிவிடும். இது மந்தபுத்தி இல்லை, தாய்மொழியின் பழக்கம். தமிழ் தெரிந்த ஆசிரியர், பிள்ளை எங்கே இடறும் என்று முன்பே அறிந்திருப்பார். மேல்பல்லைக் கீழுதட்டில் லேசாக வைத்து ஊதச் சொல்வார், ஒரே வகுப்பில் ‘ஃப’ வந்துவிடும். தெரியாதவருக்கு அது வெறும் தப்பு, மதிப்பெண் குறைக்க ஒரு காரணம்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. வேற்று மொழி வகுப்பில் பிள்ளைகளுக்கு வரும் பதற்றத்தை அளக்க 1986இல் எலைன் ஹார்விட்ஸும் அவரோடு இருவரும் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். பேசும்போது மற்ற மாணவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் அதிலேயே ஒரு கூற்று. ஆகவே எடுத்த எடுப்பில் மேடை கூடாது. முதலில் பக்கத்துப் பிள்ளையிடம், அப்புறம் நாலு பேரிடம், அதற்கும் அப்புறம் வகுப்பு முன்னால். நியூசிலாந்தின் பால் நேஷன் 1989இல் ஆராய்ந்து எழுதிய நான்கு-மூன்று-இரண்டு முறை இருக்கிறது. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் புதியவர், விஷயம் பழையது. மூன்றாவது தடவை பிள்ளையின் நாக்கு தானாக ஓடும். ஒலிபெருக்கி வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம், பேனர் வேண்டாம். பேனரைக் குறைத்தால் கொஞ்சம் பணம்கூட மிஞ்சும். கையில் ஐந்தாறு சொல் எழுதிய சிறு அட்டை வைத்துக்கொள்ள அனுமதித்தால் போதும். உலகம் முழுக்கப் பெரியவர்கள் குறிப்பு வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். போட்டியைத் தொடங்கி வைத்த விருந்தினரும் தாளைப் பார்த்துத்தான் வாசித்தார். அவர் பேசியது தாய்மொழியில்.

தமிழ்வழிப் பள்ளிகளில் இது ஒன்றுதான் குறை என்றால் நான் எழுதியே இருக்க மாட்டேன். பாடப்புத்தகம் தாமதமாக வருகிறது. சுற்றறிக்கை மலையாளத்தில் வருகிறது, அதைப் பெற்றோருக்கு யாராவது வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலிப் பணியிடம் நிரம்புவதற்குள் பிள்ளை வகுப்பு மாறிவிடுகிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தில் வந்தது. ஏழாம் வகுப்பு தொடக்கக் கல்வியில் சேருமா என்று நீங்கள் ஒரு கோப்பு திறக்கலாம். அது முடிவதற்குள் அந்தப் பெண் கல்லூரிக்குப் போயிருப்பாள்.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையாளப் பயிற்றுநரை நீக்கச் சொல்லவும் இல்லை, அவரும் வரட்டும். அவர் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்தத் தமிழ்வழிப் பள்ளிகளிலேயே ஆங்கிலம் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறோம். பயணப்படி வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் வந்துவிடுவோம்.

அடுத்த முகாமின் அறிவிப்பு வரும்போது, பயிற்றுநர் பட்டியலில் தமிழ் தெரிந்த ஒருவர் பெயராவது இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் தயாரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பெயர்களை நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை