மெட்டு அதேதான், ஆனால்…

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு வயலினைத் தூசு தட்டி எடுத்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது. சில நாள் திரையைப் பார்க்கக் கூடாதாம். வீட்டார் படம் பார்க்கும்போது நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பின்னணி இசைக்கு இதைவிட நல்ல இருக்கை ஏது?

"சோகம் என்றால் அதே பாட்டை மெதுவாக வாசித்துவிடுகிறார்கள், அவ்வளவுதானே?" என்று கேட்டிருந்தாய். பாதிப் படங்களில் அவ்வளவுதான், மறுக்கவில்லை. ஆனால் 'தளபதி'யை (1991) எடுத்துக்கொள். 'சின்னத் தாயவள்' மெட்டு, ரயிலில் விடப்பட்ட குழந்தையின் கதையோடு நம் காதில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு, வளர்ந்து ஆளான அந்தக் குழந்தை சூர்யாவின் தாய் ஏக்கத்தைத் தொடும் இடங்களில் அது தலைகாட்டும்போது, அவனுக்குத் தெரியாதது இளையராஜாவின் இசைக்குத் தெரிந்திருக்கிறது, நமக்கும்தான். அப்படியானால் அது யாருடைய மனநிலை? அவனுடையதா, நம்முடையதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நீ அவசியம் மறுபடி கேட்கவேண்டியது 'சிட்டிசன் கேன்' (1941) படத்தின் காலைச் சிற்றுண்டிக் காட்சி. ஒரு தம்பதியின் பல ஆண்டுகளைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள். புதுமணத் தம்பதி நெருங்கி உட்கார்ந்து கொஞ்சும்போது இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தருவது நளினமான ஒரு வால்ட்ஸ், அதாவது ஜோடி நடனத்துக்கான இசை. காட்சி வெட்டி வெட்டி நகர, அதே வால்ட்ஸ் வேறு வேறு உருவில் வருகிறது. பேச்சு குத்தலாக ஆக ஆக இசையும் கடுகடுக்கிறது. முடிவில் மேசையின் இரு கோடியில் இருவர். அவள் கையில் கணவனின் போட்டிப் பத்திரிகை! அப்போது அந்த இசையில் நடனமாட எதுவும் மிச்சமில்லை. சோகத்தைக் கொட்டவில்லை, கவனி. முதலில் இருந்த சுகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டார், அவ்வளவே. வெறுமனே தாளத்தைத் தளர்த்துவதற்கும் இதற்கும் உள்ள தூரம் உன் விரல்களுக்கே புரியும்.

'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸும் இதைச் செய்திருக்கிறார். 1980இல் பித்தளைக் கருவிகள் அதிர முகமூடி அணிந்த வில்லன் டார்த் வேடருக்கு ஓர் அணிவகுப்பு இசை அமைத்தவர், 1983இல் அவன் தன் மகன் அருகிலிருக்கச் சாகும்போது அதன் கடைசிச் சுரங்களை யாழ் போன்ற ஹார்ப்பில் மெல்ல மீட்டவைத்தார். முகமூடிக்குள் ஒரு தகப்பன் இருந்ததைக் காது நம்பிவிடுகிறது.

இப்போதைய நம் பட நாயகர்களுக்குப் போடும் முழக்க இசையைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. எதிரியை அடித்தாலும் அதே இடி, காரிலிருந்து இறங்கினாலும் அதே இடி. ஆள் வந்துவிட்டான் என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. உனக்கு உடன்பாடில்லை என்றால் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி மறுத்து எழுது; பொதுவாகத் திட்டி எழுதினால் ஏற்கமாட்டேன்.

அன்புடன்,
ராகவன்