மனஉறுதி இல்லாதவன் அல்ல என் மகன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கைப்பேசி அடிமைத்தனம் பற்றி வந்த கட்டுரையில், "மனஉறுதி இல்லாதவர்களே இதற்கு அடிமையாகிறார்கள்" என்ற வரியை என் மகனும் படித்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனவன் மதியம் சாப்பிட வரவில்லை. இருபது வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு இது.

என் மகளும் ரீல்ஸ் பார்க்கிறாள். வேலை வந்தால் போனை வைத்துவிடுவாள். மகன் சின்ன வயதிலிருந்தே எதற்கும் கலங்குகிறவன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, தோப்பில் தென்னைகள் ஒவ்வொன்றாக முறிந்த சத்தத்தைக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். அப்புறம் அவனுக்குத் தூக்கமே சரியில்லை. 2020இல் பாடம் போனுக்குள் போனது. கடன்பட்டு அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். இன்ஸ்டாகிராமை மூன்று முறை நீக்கினான், மூன்று முறையும் திரும்ப ஏற்றினான். கடைசி முறை என் முன்னால் உட்கார்ந்து அழுதான்.

குணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, சரி. எளிதில் பதறுகிறவர்கள் அதிகம் சிக்குகிறார்கள், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவாகச் சிக்குகிறார்கள் என்றுதான் பல ஆய்வுகளும் சொல்கின்றன. பதற்றத்தால் போனை எடுக்கிறார்களா, போனால் பதற்றம் கூடுகிறதா என்பது இன்னும் தீராத கேள்வி. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஃபேஸ்புக் அடிமைத்தன அளவுகோலில் ஆறே கேள்விகள். குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா என்பது அதில் ஒன்று. முயன்று தோற்பதைத்தான் அவர்கள் நோயின் அறிகுறியாக வைத்தார்கள். உங்கள் கட்டுரை அவனை முயலாதவன் ஆக்கிவிட்டது. தள்ளத் தள்ள முடிவில்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கிய வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கினே அதற்காக வருந்திப் பேசியது தாங்கள் அறியாததல்ல. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

கஜாவுக்குப் பிறகும் இப்படித்தான். தென்னையை மட்டும் நம்பியது விவசாயிகளின் தவறு என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் எழுதினார். கரண்ட் இல்லாத வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் படித்தோம். அன்று நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. விழுந்தவனிடமே குற்றம் தேடுவது எங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

நான் கேட்பது இவ்வளவுதான். இனி இப்படிக் கட்டுரை போட்டால் கீழே 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், அதாவது அரசின் மனநல உதவி எண்ணையும், போடுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். எனக்கு அதைச் சொன்னது பக்கத்து வீட்டு நர்ஸ்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பேராவூரணி