கல்லைத் திருப்பி வைத்தவர்களுக்கு

கூசா ஆற்று நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆற்று நத்தை ஒன்றைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லி உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. மனசு ஆறவில்லை, அதனால் என் மொழியில் இன்னொரு முறை. இதை நீங்கள் படிக்கப் போவதில்லை. பரவாயில்லை, உங்களைப் பற்றி எங்கள் ஆட்கள் நாலு பேர் படிக்கட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் இருப்பது அமெரிக்காவின் அலபாமாவில், மான்ட்கமரி பக்கம். அருகில் கூசா ஆற்றங்கரையில் வெட்டம்ப்கா என்று ஒரு சின்ன ஊர். பூர்வகுடிகள் வைத்த பெயர், 'இரையும் நீர்' என்று பொருள். ஊருக்கு மேலே ஜோர்டன் அணை, 1928-ல் கட்டி முடித்தது. உள்ளூர்க்காரர்கள் 'ஜெர்டன்' என்பார்கள்; நான் பல நாள் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த ஆற்றில் டுலோட்டோமா என்று ஒரு நத்தை. கோல்ஃப் பந்து அளவு வளரும், ஓட்டின் மேல் வரிசையாகக் குமிழ்கள். முட்டையிடாது, குட்டி போடும். நம் ஊர் ஏரி குளங்களில் கிடக்கிற சில நத்தைகளும் இதே குடும்பம்தான். செவுளால் மூச்சு விட்டு, தண்ணீரில் மிதந்து வருவதை வடித்துத் தின்று, பெரிய கற்களுக்கு அடியில் காலத்தை ஓட்டும். ஓடுகிற தண்ணீர்தான் அதற்குச் சோறும் மூச்சும்.

அந்தத் தண்ணீர்தான் நின்று நின்று வந்தது. கூசாவில் வரிசையாக அணைகள் எழும்ப, ஆறு பெரும்பாலும் ஏரிகளாகிவிட்டது. மிச்சமிருந்த பாறைப் பகுதியிலும், மின்சாரத் தேவை கூடும் நேரத்தில் திறப்பதும் மற்ற நேரத்தில் அடைப்பதுமாக இருந்தால் கல்லுக்கு அடியில் இருப்பது என்ன செய்யும்? கைரோட்டோமா என்ற நத்தைப் பேரினம் உலகில் கூசாவில் மட்டுமே இருந்தது. அதில் ஒரு வகைகூட மிஞ்சவில்லை. டுலோட்டோமாவை 1991 ஜனவரியில் அமெரிக்க அரசு அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தபோது அது இருப்பதாகத் தெரிந்தது ஐந்தே இடங்களில். ஒன்று இந்த அணைக்குக் கீழே, மற்ற நான்கும் கிளை ஓடைகளில்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் அணையில் வேலை பார்ப்பவர்களுக்கு. 1990-களிலிருந்து எந்த நேரமும் ஆற்றுக்கு இவ்வளவு தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்று ஏற்பாடு ஆனது: குறைந்தது விநாடிக்கு 2,000 கனஅடி. மேட்டூர் நீர்மட்டத்தை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. தேக்கி வைத்து நல்ல விலை கிடைக்கும் நேரத்தில் ஓட்டியிருக்கக்கூடிய தண்ணீர் அது. நத்தைக்காகவா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அலபாமா பவர் நிறுவனம் விட்டது, விட்டுக்கொண்டிருக்கிறது. நடு ராத்திரியில் அந்த அளவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஐயா அல்லது அம்மா, உங்களுக்கு நன்றி.

ஓடைக்கரை நிலக்காரர்களுக்கும் நன்றி. உங்கள் மண் ஓடைக்குள் சரியாமல் பார்த்துக்கொண்டது பெரிய உதவி.

அப்புறம், முகமூடி மாட்டிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் குப்புறப் படுத்து, வருஷக்கணக்காக நத்தை எண்ணியவர்களுக்கு. ஆபர்ன் பல்கலைக்கழகத்தார், மாநில வனவிலங்குத் துறையினர், மத்திய மீன் மற்றும் வனவிலங்குச் சேவையினர் எல்லாரும் இதில் அடக்கம். இருந்ததாகத் தெரிந்த ஐந்து இடங்களோடு நிற்காமல் வேறு ஓடைகளிலும் தேடினீர்கள். இனி இல்லை என்று கைவிட்ட, கூசா போய்ச் சேரும் அலபாமா ஆற்றிலேயே 2006-ல் கண்டுபிடித்தீர்கள்.

உங்களில் ஒருவர் போன கோடையில் என் மகளுக்கும் எனக்கும் காட்டினார். அனுமதிச் சீட்டு இல்லாமல் இதைத் தொடக்கூடாது என்பதால் கையைக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றோம். தோசைக்கல்லைவிடப் பெரிய ஒரு பாறைத் துண்டை மெதுவாகப் புரட்டினார். அடியில் ஏழெட்டு நத்தைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒன்று மட்டும் ஓட்டின் வாயை அடைக்கும் மூடியைச் சாத்திக்கொண்டது, மற்றவை கண்டுகொள்ளவே இல்லை. "குட்டி எங்கே?" என்றாள் மகள். அவர் விரலை நீட்டினார். மிளகு அளவில் ஒன்று இருந்தது, அதற்கும் மூடி உண்டாம். எனக்குப் பிடித்துப்போனது அதற்குப் பிறகு அவர் செய்ததுதான். கல்லை அப்படியே போட்டுவிட்டு வரவில்லை. எந்தப் பக்கம் அடியில் இருந்ததோ அதே பக்கம் அடியில் வருமாறு, அதே பள்ளத்தில், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவது போல வைத்துவிட்டு, ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

2011 ஜூனில் இந்த நத்தையை அழியும் நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்று மாற்றினார்கள். பட்டியலை விட்டே தூக்கிவிடவில்லை. பழைய வாழிடத்தில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் அப்போது திரும்பியிருந்தது என்பதால் அது சரியென்றே நினைக்கிறேன். அவசரப்படாததற்கும் ஒரு நன்றி.

கடைசியாக, கல்லைப் புரட்டிக் காட்டியவருக்கு: அன்றைக்கு வழுக்காமல் இருக்க மகளுக்குக் கொடுத்த ரப்பர் காலணி எங்கள் கார் டிக்கியிலேயே வந்துவிட்டது. கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஜூனில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
மான்ட்கமரியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்